‘வேதமே போதும்’ என்பதை விசுவாச அறிக்கையில் எப்படி எழுதுவது? ஐந்து வழிகள், ஒரு ஒப்பீடு

தனியாக ஒரு சபையைத் தொடங்கி, அதை டிரஸ்டாகவோ சங்கமாகவோ பதிவு செய்யப் போகிறவர்கள் விசுவாச அறிக்கை எழுத உட்காருகிறார்கள். ஞானஸ்நானத்துக்கும் அந்நியபாஷைக்கும் மணிக்கணக்கில் விவாதம் நடக்கும். முதல் பிரிவான வேதாகமம் மட்டும் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும்: “பரிசுத்த வேதாகமம் தேவ ஆவியினால் அருளப்பட்டது, பிழையற்றது, விசுவாசத்துக்கும் நடக்கைக்கும் இறுதி அதிகாரமுள்ளது.” எல்லாரும் ஆமென் சொல்வார்கள். ஆனால் வேதாகமம் போதுமானது என்ற உபதேசம் இந்த வாசகத்தில் இல்லை.

அருளப்பட்டது என்பது வேதம் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்கிறது. பிழையற்றது என்பது அதன் தன்மை. இறுதி அதிகாரம் என்பது மோதல் வந்தால் எது வெல்லும் என்பது. போதுமானதா என்பது வேறு கேள்வி: வேதத்தில் இல்லாத ஒன்றை ஒரு விசுவாசியின்மேல் சுமத்த யாருக்காவது உரிமை உண்டா? மேலே உள்ள மூன்றையும் முழுமனதோடு ஒப்புக்கொள்ளும் ஒரு போதகர், “இந்தக் குடும்பம் நிலத்தை விற்றுக் கட்டட வேலைக்குக் கொடுக்கவேண்டும் என்று கர்த்தர் எனக்குச் சொன்னார்” என்று மேடையில் சொல்லலாம். வேதத்துக்கு விரோதமாக அவர் எதுவும் பேசவில்லை. வேதத்தோடு ஒன்றைக் கூட்டினார், அவ்வளவுதான். அவரைத் தடுக்க அந்தப் பிரிவில் ஒரு சொல்லும் இல்லை.

சபை வரலாற்றில் இந்தக் கேள்விக்கு ஐந்து விதமாகப் பதில் எழுதியிருக்கிறார்கள். ஒவ்வொன்றிடமும் மூன்றைக் கேட்டுப் பார்க்கலாம். வேதம் எதற்குப் போதும்? எந்தப் புத்தகங்கள் வேதம்? வாசிப்பதில் கருத்து வேறுபட்டால் யார் தீர்ப்பது?

அறிக்கையே வேண்டாம் என்பது

“எங்களுக்கு மனுஷர் எழுதிய பிரமாணம் எதுவும் கிடையாது, வேதம் மட்டுமே.” கேட்க மிகத் தாழ்மையாக இருக்கும். ஐந்திலும் ஆபத்தானது இதுதான் என்பது எங்கள் கணிப்பு.

1809இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் தாமஸ் காம்ப்பெல் இதை ஒரு விதியாக வகுத்தார்: வேதம் பேசும் இடத்தில் பேசுவோம், வேதம் மௌனமாயிருக்கும் இடத்தில் மௌனமாயிருப்போம். சபைப் பிரிவினைகளைக் கண்டு சலித்துப்போன மனிதர், ஒற்றுமைக்காகத்தான் சொன்னார். அதே இயக்கம் அந்த நூற்றாண்டிலேயே இசைக்கருவியில் மோதிக்கொண்டது. புதிய ஏற்பாட்டுச் சபை ஆராதனையில் இசைக்கருவி சொல்லப்படவில்லை, ஆகவே கூடாது என்றது ஒரு தரப்பு. தடை சொல்லப்படவில்லை, ஆகவே தடையில்லை என்றது மறு தரப்பு. 1906ஆம் ஆண்டின் அமெரிக்க சமயக் கணக்கெடுப்பு இருவரையும் இரண்டு சபைகளாகப் பதிவு செய்தது. வேதத்தின் மௌனம் தடையா அனுமதியா என்று வேதத்துக்கு வெளியே யாராவது முடிவு சொல்லியே ஆகவேண்டும். அதை எழுத்தில் வைக்க மறுத்தால், அந்த முடிவு போதகரின் மனதில் இருக்கும். சண்டை வரும் நாளில்தான் மற்றவர்களுக்குத் தெரியவரும்.

அசெம்பிளீஸ் ஆஃப் காட் என்ற பெந்தெகொஸ்தே அமைப்பும் இந்த வழியில்தான் தொடங்கியது. 1914இல் ஹாட் ஸ்பிரிங்ஸ் நகரில் கூடியபோது பிரமாணம் எழுதமாட்டோம் என்றார்கள். “இயேசுவின் நாமத்தில் மட்டும்” ஞானஸ்நானம் என்ற உபதேசமும் அதோடு திரித்துவ மறுப்பும் உள்ளே பரவவே, 1916இல் அடிப்படைச் சத்தியங்களின் அறிக்கை ஒன்றை வெளியிட நேர்ந்தது. அதை ஏற்காத போதகர்கள் பெருமளவில் வெளியேறினார்கள். பிரமாணம் இல்லாத காலம் மொத்தம் இரண்டே ஆண்டு.

இது புதிய அனுபவமும் இல்லை. 325இல் நிசேயாவில் ஆயர்கள் முதலில் வேதச் சொற்களாலேயே எழுதப் பார்த்தார்கள். குமாரன் படைக்கப்பட்டவர் என்று போதித்த ஆரியுவின் ஆட்கள் ஒவ்வொரு சொல்லையும் தங்கள் அர்த்தத்தில் ஏற்றுக்கொண்டு, ஒருவருக்கொருவர் கண்ணைக் காட்டிக்கொண்டதாக, அவர்களை எதிர்த்த ஆயர் அத்தனாசியு எழுதியிருக்கிறார். அதன்பிறகே பிதாவும் குமாரனும் ஒரே தன்மையினர் என்று, வேதத்தில் இல்லாத ஒரு சொல்லைக்கொண்டு வேதத்தின் பொருளைப் பூட்டினார்கள். வேதத்தில் இல்லாத சொல் என்பதே எதிர்த்தவர்களின் முக்கியப் புகார். 1605இல் போலந்தின் ராக்கோவில் சோசினியர் வெளியிட்ட வினாவிடையும் வேதத்தை மட்டும் காட்டித்தான் திரித்துவத்தை மறுத்தது. வேதவசனம் சொல்லத் தெரிந்தவர் எல்லாரும் ஒரே உபதேசத்தில் இருப்பார்கள் என்று நம்பும் சபை இதை ஒருமுறை யோசிக்க வேண்டும்.

“இரட்சிப்புக்கு அவசியமானதெல்லாம்”

இது ஆங்கிலிக்கன் வழி. 1571இல் இறுதி வடிவம் பெற்ற 39 பிரமாணங்களில் ஆறாவது சொல்வதன் சாரம் இது: இரட்சிப்புக்கு அவசியமானதெல்லாம் வேதத்தில் உண்டு, அதில் வாசிக்கப்படாததையும் அதைக்கொண்டு நிரூபிக்க முடியாததையும் விசுவாசத்தின் அங்கமாக நம்பும்படி எந்த மனிதனிடமும் கேட்கக்கூடாது. ஜான் வெஸ்லி 1784இல் மெதடிஸ்ட் சபைக்காகப் பிரமாணங்களைச் சுருக்கியபோது இதை ஐந்தாவதாக வைத்துக்கொண்டார். 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் தொடங்கிய தென்னிந்தியத் திருச்சபையின் அமைப்புச் சட்டமும் இதே தடத்தில் போகிறது: இரட்சிப்புக்கு அவசியமான யாவும் வேதத்தில் அடங்கியிருக்கின்றன, விசுவாசத்துக்கு அதுவே உன்னதமான, தீர்மானமான அளவுகோல், அதன்படி தன்னைத் திருத்திக்கொள்ளத் திருச்சபை எப்போதும் ஆயத்தமாயிருக்க வேண்டும். அப்போஸ்தலர் பிரமாணமும் நிசேயா பிரமாணமும் அந்த விசுவாசத்தைக் காக்கும் சாட்சிகளாக ஏற்கப்படுகின்றன. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரெஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் பின்னணிகளைச் சேர்க்கவேண்டியிருந்த இடத்தில் இதைவிட இறுக்கமான வாசகம் நின்றிருக்காது.

இதன் பலம் “எந்த மனிதனிடமும் கேட்கக்கூடாது” என்ற பகுதியில் இருக்கிறது. விசுவாசி எதை நம்பவேண்டும் என்பதற்கு முன்னால், சபை எதைக் கேட்கக்கூடாது என்று அது வரம்பு கட்டுகிறது. சாதாரண விசுவாசிக்கு இத்தனை பாதுகாப்புத் தரும் வாக்கியம் மற்ற நான்கிலும் இல்லை.

பலவீனம், எல்லை சிறியது. இரட்சிப்புக்கு வெளியே உள்ளவற்றில், அதாவது ஆராதனை முறை, அங்கி, லெந்து நாட்கள், சபை நிர்வாகம் எல்லாவற்றிலும் வேதத்துக்கு முரணில்லாதவரை சபை முடிவு செய்யலாம். இருபதாவது பிரமாணம் இதை வெளிப்படையாகவே சொல்கிறது: சடங்குகளை ஏற்படுத்தவும் விசுவாச வழக்குகளில் தீர்ப்புச் சொல்லவும் சபைக்கு அதிகாரம் உண்டு. பேராயர், சினாடு, ஜெபப்புத்தகம், சபைச் சட்டம் எல்லாம் இருக்கும் இடத்தில் இந்த அதிகாரத்துக்குக் கடிவாளம் உண்டு. தனிச்சபையில் அப்படியே நகலெடுத்தால் ‘சபை’ என்பதற்குப் பொருள் போதகர், அவர் மனைவி, மைத்துனர் என்ற மூன்று டிரஸ்டிகள். நகலெடுக்கிறவர்கள் கவனிக்காத இன்னொன்றும் உண்டு. ஆறாவது பிரமாணம் பழைய ஏற்பாட்டுப் புத்தகங்களைப் பெயர் சொல்லி அடுக்குகிறது; புதிய ஏற்பாட்டுக்கு “பொதுவாக ஏற்கப்பட்டபடி” என்று விட்டுவிடுகிறது. உங்கள் அறிக்கையில் இரண்டையும் எழுதுங்கள்.

லுத்தரன் வழியும் நடைமுறையில் இதற்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. 1577இல் எழுதப்பட்ட அவர்களுடைய அறிக்கையான ஒப்புரவு வாசகம் (Formula of Concord) வேதத்தை ஒரே நியாயாதிபதியாகவும் அறிக்கைகளை அதன் சாட்சிகளாகவும் வைக்கிறது. ஆராதனையில் வேதம் தடுக்காததை அனுமதிக்கிறது.

“வெளிப்படையாக, அல்லது தவிர்க்கமுடியாத முடிவாக”

இது, இங்கிலாந்துப் பாராளுமன்றம் லண்டனில் கூட்டிய வெஸ்ட்மின்ஸ்டர் இறையியலாளர் சபையார் 1646இல் முடித்த அறிக்கையின் முதல் அதிகாரம், ஆறாம் பத்தி. போதுமானது என்ற உபதேசத்தை இதைவிட முழுமையாக யாரும் எழுதவில்லை. ஆனால் எடுத்துக்கொள்கிறவர்கள் பெரும்பாலும் முதல் பாதியை மட்டும் எடுக்கிறார்கள். அதில் நான்கு பாகங்கள் உண்டு.

முதல் பாகம் எல்லையைச் சொல்கிறது: தேவனுடைய மகிமை, மனிதனின் இரட்சிப்பு, விசுவாசம், வாழ்க்கை ஆகியவற்றுக்கு அவசியமான எல்லாம். ஆங்கிலிக்கன் எல்லையைவிடப் பெரியது, ஆனாலும் எல்லைதான். சர்க்கரை நோய்க்கும் மனச்சிதைவுக்கும் வேதத்தில் மருத்துவம் இருக்கிறது என்று இந்த வாசகம் சொல்லவில்லை. “வேதம் போதும், மாத்திரையை நிறுத்து” என்கிறவர் இந்த உபதேசத்தைப் பின்பற்றவில்லை, எல்லைக்கோட்டை அழித்துவிட்டுப் பேசுகிறார். அப்படி நிறுத்தி நோய் முற்றியவர்களுக்காகவாவது இந்த எல்லையைத் தெளிவாக எழுதவேண்டும்.

இரண்டாம் பாகம் எப்படிக் கண்டுபிடிப்பது என்பது. வேதத்தில் வெளிப்படையாக எழுதப்பட்டது ஒன்று, எழுதப்பட்டதிலிருந்து சரியாகவும் தவிர்க்கமுடியாமலும் பெறப்படும் முடிவு மற்றொன்று. மத்தேயு 22:31, 32இல் இயேசு இதைத்தான் செய்தார். “நான் ஆபிரகாமின் தேவன்” என்ற யாத்திராகம வசனத்திலிருந்து உயிர்த்தெழுதலை நிரூபித்தார். உயிர்த்தெழுதல் என்ற சொல்லே அந்த வசனத்தில் இல்லை. திரித்துவமும் இந்த வாசல் வழியாகத்தான் வருகிறது.

இங்கே சறுக்குவது எப்படி என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே நல்ல உதாரணம் நகை. பெந்தெகொஸ்தே சபைகள் பலவற்றில் நகையைக் கழற்றினால்தான் ஞானஸ்நானம். காட்டும் வசனம் 1 பேதுரு 3:3. அந்த வசனம் மூன்றைச் சேர்த்துச் சொல்கிறது: மயிரைப் பின்னுதல், பொன்னாபரணம் அணிதல், உயர்ந்த வஸ்திரம் உடுத்துதல். பொன் முழுத் தடை என்றால் பின்னலும் முழுத் தடை. பின்னலையும் பட்டுப்புடவையையும் விட்டுவிட்டுத் தாலியை மட்டும் கழற்றச் சொல்லும்போது அங்கே முடிவு ‘தவிர்க்கமுடியாதது’ இல்லை, யாரோ தேர்ந்தெடுத்தது. அடக்கமும் உள்ளான அலங்கரிப்பும் வேண்டும் என்பதே அந்த வசனத்திலிருந்து தப்பமுடியாமல் வருவது. நகை அணியாமலிருப்பது ஒருவரின் சொந்தத் தீர்மானமாக இருக்கலாம், அதைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. ஞானஸ்நானத்துக்கு நிபந்தனையாக்கும்போதுதான் வேதம் போதாது என்று சொல்லாமல் சொல்கிறோம்.

ஒரு முடிவு தவிர்க்கமுடியாததா என்று பார்க்க எளிய சோதனை உண்டு. வசனத்திலிருந்து முடிவுவரை எத்தனை படி என்று எண்ணிப் பாருங்கள், ஒவ்வொரு படியிலும் “வேறு விதமாக இருக்க முடியுமா?” என்று கேளுங்கள். ஒரு படியில் முடியும் என்று பதில் வந்தாலும் அது நல்ல ஆலோசனையாக இருக்கலாம், சட்டமாக முடியாது. குழந்தை ஞானஸ்நானத்தில் பிரெஸ்பிட்டேரியனும் பாப்டிஸ்டும் பிரிவது இந்தப் படிகளை எண்ணும் விதத்தில்தான். 1677இல் எழுதி 1689இல் பாப்டிஸ்டுகள் ஏற்ற லண்டன் அறிக்கை வெஸ்ட்மின்ஸ்டரைப் பெரும்பாலும் பின்பற்றியும், இந்த இடத்தில் “வேதத்தில் அவசியமாய் அடங்கியிருப்பது” என்று மாற்றிக்கொண்டது.

மூன்றாம் பாகம் பூட்டு: ஆவியின் புதிய வெளிப்பாடுகளாலோ மனிதரின் பாரம்பரியங்களாலோ எக்காலத்திலும் எதுவும் கூட்டப்படக்கூடாது.

நான்காவதைத்தான் வெட்டிவிடுகிறார்கள். வேதத்தை இரட்சிப்புக்கேதுவாக உணர ஆவியானவரின் உள்ளொளி அவசியம். ஆராதனையிலும் சபை நிர்வாகத்திலும் மற்ற மனிதக் கூட்டங்களுக்குப் பொதுவான சில சூழ்நிலைகளை இயற்கை அறிவாலும் கிறிஸ்தவ விவேகத்தாலும், வேதத்தின் பொது விதிகளுக்கு உட்பட்டு ஒழுங்குபடுத்தலாம். இது இல்லாவிட்டால் ஆராதனை எத்தனை மணிக்கு என்பதற்கும் வசனம் தேட வேண்டும். தேடினால் கிடைத்தும்விடும், அதுதான் தொல்லை. “காலை 5 மணி ஜெபத்துக்கு வராதவர் மாற்கு 1:35ஐ மீறுகிறார்” என்ற வகைப் பிரசங்கம் அப்படிப் பிறப்பது.

வேதமும் மரபும்

கத்தோலிக்கத் திருச்சபையின் நிலையைப் பலர் தவறாகச் சொல்கிறார்கள். 1546 ஏப்ரல் 8 அன்று திரிதெந்து சங்கம், எழுதப்பட்ட நூல்களையும் எழுதப்படாத மரபுகளையும் சமமான பக்தியோடும் வணக்கத்தோடும் ஏற்பதாக அறிவித்தது. உண்மை ஒரு பகுதி இதிலும் ஒரு பகுதி அதிலும் இருக்கிறது என்று பங்கு பிரித்த முன்வரைவு வாசகத்தைச் சங்கம் இறுதியில் கைவிட்டது. இதனால் எல்லா உண்மையும் வேதத்தில் உண்டு, ஆனால் மரபின்றி அதைச் சரியாக வாசிக்க முடியாது என்று கருதும் கத்தோலிக்க இறையியலாளருக்கும் இடம் இருக்கிறது. 1965 நவம்பர் 18 அன்று 2,344க்கு 6 என்ற வாக்கில் நிறைவேறிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் இறைவெளிப்பாட்டு ஆவணம், வெளிப்படுத்தப்பட்ட அனைத்தையும் பற்றிய உறுதியைத் திருச்சபை வேதத்திலிருந்து மட்டுமே பெறுவதில்லை என்கிறது. போதிக்கும் அதிகாரம் இறைவார்த்தைக்கு மேலானதல்ல, அதற்குப் பணிசெய்வது என்றும் சொல்கிறது.

தனிச்சபை இந்த வழியைத் தேர்ந்தெடுக்கவே முடியாது. மரபைச் சுமக்கும் ஆயர் வரிசையும் தீர்ப்புச் சொல்லும் அமைப்பும் அதனிடம் இல்லை. ஆனால் இவர்கள் எழுப்பும் இரண்டு கேள்விகளுக்குப் பதில் இல்லாமல் உங்கள் பிரிவை முடிக்காதீர்கள்.

ஒன்று, புத்தகப் பட்டியல். வேதத்துக்குள் அட்டவணை இல்லை. புதிய ஏற்பாட்டின் 27 புத்தகங்களையும் மட்டுமே அடுக்கிய, நமக்குக் கிடைத்த முதல் பட்டியல் 367இல் அத்தனாசியு எழுதிய பண்டிகைக் கடிதத்தில் இருக்கிறது. கத்தோலிக்க வேதாகமத்தில் 73 புத்தகங்கள், நம்மிடம் 66. வெஸ்ட்மின்ஸ்டர் அறிக்கை 66ஐயும் பெயர் சொல்லி எழுதிவிட்டுத்தான் போதுமானது என்ற பேச்சுக்கே வருகிறது. சபை பட்டியலை உருவாக்கவில்லை, அடையாளம் கண்டுகொண்டது என்பது சீர்திருத்த சபைகளின் பதில். அதை ஏற்கிறவர்கள் அந்தப் பட்டியலையும் எழுதிவைக்க வேண்டும்.

இரண்டு, 2 தீமோத்தேயு 3:16. அங்கே “பிரயோஜனமுள்ளவை” என்றுதானே இருக்கிறது, போதுமானவை என்று இல்லையே என்பார்கள். 15ஆம் வசனத்தில் தீமோத்தேயு சிறுவயதுமுதல் அறிந்தவை பழைய ஏற்பாட்டு நூல்களே என்றும் சொல்வார்கள். இரண்டும் நியாயமான வாதம். பதிலின் பலம் 17ஆம் வசனத்தில் இருக்கிறது: “எந்த நற்கிரியையுஞ் செய்யத் தகுதியுள்ளவனாக.” எந்த நற்கிரியைக்கும் தகுதிப்படுத்துவது போதாததாக இருக்க முடியாது. இந்த உபதேசத்தை 16ஐ மட்டும் காட்டி நிறுத்துகிறவர் முதல் கேள்வியிலேயே விழுவார்.

போதும் என்று எழுதி, தீர்க்கதரிசனத்தையும் வைத்துக்கொள்வது

அசெம்பிளீஸ் ஆஃப் காட்டின் அடிப்படைச் சத்தியங்களின் அறிக்கையின் இன்றைய முன்னுரை, வேதாகமமே எங்கள் விசுவாசத்துக்கும் நடைமுறைக்கும் முழுவதும் போதுமான விதி என்று தொடங்குகிறது. தீர்க்கதரிசனம் போன்ற ஆவியின் வரங்கள் இன்றும் உண்டு என்று நம்புகிறவர்களே இப்படி எழுதினார்கள். ஆகவே “பெந்தெகொஸ்தே என்றாலே வேதம் போதாது என்கிறவர்கள்” என்பது சரியில்லை. இரண்டும் சேர்ந்து நிற்கும். நிற்க ஒரு நிபந்தனை உண்டு.

1 கொரிந்தியர் 14:29 அந்த நிபந்தனையைத் தருகிறது: தீர்க்கதரிசிகள் இரண்டுபேராவது மூன்றுபேராவது பேசலாம், மற்றவர்கள் நிதானிக்கவேண்டும். பேசுகிறவர் ஒருவர், நிதானிக்கிறவர் வேறொருவர். நம் சபைகளில் பெரும்பாலும் தீர்க்கதரிசனம் உரைக்கிறவரும் சபைத்தலைவரும் ஒரே ஆள். நிதானிக்க வேண்டியவர்கள் அவரிடம் சம்பளம் வாங்குகிறார்கள், அல்லது “அபிஷேகம் பண்ணப்பட்டவரைத் தொடாதே” என்ற வசனத்துக்குப் பயந்திருக்கிறார்கள். கெடுவது இந்த இடத்தில்தான்.

இந்த வழியை எடுக்கும் சபை அறிக்கையோடு ஒரு நடைமுறை விதியும் எழுதவேண்டும். தீர்க்கதரிசனத்தைக்கொண்டு புதிய உபதேசம் நிறுவக்கூடாது. ஒருவருடைய திருமணம், பணம், சொத்து, வேலை, மருத்துவம் பற்றி உரைக்கப்பட்டது அவரைக் கட்டாது. போதகர் உரைத்ததையும் மற்ற மூப்பர்கள், அவர் இல்லாத கூட்டத்தில், 1 தெசலோனிக்கேயர் 5:20, 21இன்படி சோதிக்கவேண்டும். இந்த மூன்றையும் எழுதச் சம்மதிக்காத தலைவர், வேதம் போதும் என்ற வாக்கியத்துக்குச் சம்மதித்ததாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எதை எடுப்பது

கலவையான பின்னணியும் மேலே ஒரு பேராயமும் உள்ள சபைக்கு இரண்டாம் வழி போதும். தனிச்சபைக்கு மூன்றாம் வழியின் எலும்புக்கூடும் இரண்டாம் வழியின் “கேட்கக்கூடாது” வாக்கியமும் சேரவேண்டும். வரங்களை நம்பும் சபை ஐந்தாம் வழியின் விதியையும் இணைக்கலாம். இப்படி எழுதலாம்:

“இணைப்பில் பட்டியலிட்ட பழைய ஏற்பாட்டின் 39 புத்தகங்களும் புதிய ஏற்பாட்டின் 27 புத்தகங்களுமே தேவனால் அருளப்பட்ட வேதாகமம். தேவனை மகிமைப்படுத்தவும், இரட்சிப்படையவும், விசுவாசிக்கவும், அவருக்குப் பிரியமாய் நடக்கவும் நாம் அறியவேண்டியதெல்லாம் அதில் வெளிப்படையாக எழுதப்பட்டிருக்கிறது, அல்லது எழுதப்பட்டதிலிருந்து தவிர்க்கமுடியாத முடிவாகப் பெறப்படுகிறது. இவ்விரண்டு விதத்திலும் காட்டமுடியாத எதையும் நம்பும்படியோ செய்யும்படியோ எந்த விசுவாசியின் மனச்சாட்சியையும் கட்ட இந்தச் சபைக்கும் போதகருக்கும் மூப்பருக்கும் தீர்க்கதரிசனம் உரைக்கிறவருக்கும் அதிகாரம் இல்லை. ஆராதனையின் நேரம், இடம், ஒழுங்கு, நிர்வாகம் ஆகியவற்றை வேதத்தின் பொது விதிகளுக்கு உட்பட்டு மூப்பர்கள் தீர்மானிக்கலாம், அத்தீர்மானங்கள் மாற்றத்தக்கவை.”

எந்த மொழிபெயர்ப்பு என்று இதற்குள் எழுதாதீர்கள். பழைய தமிழ் மொழிபெயர்ப்பு மட்டுமே வேதம் என்று பத்திரத்தில் போட்டால், 1 யோவான் 5:7இல் வரும் “பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி” என்ற பகுதி பழைய கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகளில் இல்லை என்ற விவரம் தெரியவரும் நாளில் சபை தன் பத்திரத்தோடு வழக்காட வேண்டியிருக்கும். வழக்குகளில் மூலமொழியே கடைசி முறையீடு என்று வெஸ்ட்மின்ஸ்டர் எட்டாம் பத்தியில் வைத்தது இதற்காகவே பயன்படும்.

ஆதார வசனங்களை வாசகத்துக்குள் நுழைக்காமல் அடியில் தனியே கொடுங்கள். வெஸ்ட்மின்ஸ்டர் சபையாரே முதலில் வசனமில்லாமல்தான் கொடுத்தார்கள். பாராளுமன்றம் கேட்டபிறகு 1647இல் சேர்த்தார்கள். வெளிப்படுத்தல் 22:18, 19ஐ முதல் ஆதாரமாக வைக்கவேண்டாம். அது முதலாவது அந்தப் புத்தகத்தைப் பற்றிய எச்சரிக்கை; இதே தடை உபாகமம் 4:2இலும் உண்டு, அதற்குப் பிறகும் வேதப்புத்தகங்கள் எழுதப்பட்டன. 2 தீமோத்தேயு 3:15 முதல் 17, 1 கொரிந்தியர் 4:6, அப்போஸ்தலர் 17:11, கலாத்தியர் 1:8 ஆகியவை அதைவிட உறுதியாக நிற்கும்.

கையெழுத்துக்கு முன்னால் வரைவை நான்கு வழக்குகளில் ஓட்டிப் பாருங்கள்: திரித்துவத்தை மறுக்கும் ஒரு போதகர், தாலி அணிந்து ஞானஸ்நானம் கேட்கும் ஒரு பெண், கிட்டார் வேண்டாம் என்கிற ஒரு மூப்பர், நிலத்தை விற்கச் சொல்லும் ஒரு தீர்க்கதரிசனம். முதலாமவரை விலக்கவும், இரண்டாமவரைச் சேர்க்கவும், மூன்றாவதைத் தீர்மானப் புத்தகத்துக்கு அனுப்பவும், நான்காவதை நிறுத்தவும் வாசகம் உதவினால் கையெழுத்துப் போடலாம். ஏதாவது ஒன்றில் “அது போதகரைப் பொறுத்தது” என்று பதில் வந்தால் அந்த வரியைத் திரும்ப எழுதுங்கள்.